‘பி 0016’ வந்தால் சென்சாரைத்தான் மாற்ற வேண்டுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிற்றுக்கிழமை தங்கள் நாளிதழின் வாகனப் பக்கத்தில் வெளியான கேள்வி–பதில் பகுதியில், வாடிப்பட்டியிலிருந்து ஒரு வாசகர் தம்முடைய பெட்ரோல் காரைப் பற்றிக் கேட்டிருந்தார். வண்டி 8 ஆண்டு பழையது, ஒரு லட்சம் கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது, மஞ்சள் நிற இன்ஜின் விளக்கு அணையாமல் எரிகிறது, ஸ்கேனர் வைத்துப் பார்த்ததில் ‘பி 0016’ என்ற பிழைக் குறியீடு வந்தது, காலையில் முதல்முறை ஸ்டார்ட் செய்யும்போது இரண்டு மூன்று வினாடி இன்ஜினின் ஒரு பக்கத்திலிருந்து கடகடவென்று சத்தம் வந்து அடங்கிவிடுகிறது என்றெல்லாம் பொறுப்பாக விவரித்திருந்தார். அதற்கு, வால்வுகளைத் திறந்து மூடும் தண்டான கேம் ஷாஃப்ட்டின் சென்சார் பழுதாகியிருக்கிறது, அதை மாற்றினால் விளக்கு அணைந்துவிடும் என்று இரண்டே வரியில் பதில் தரப்பட்டிருந்தது. அந்தப் பதில் அவருடைய பணத்தை வீணாக்கும் என்பதற்காக மட்டும் இக்கடிதத்தை எழுதவில்லை. அதை நம்பி அவர் வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தால் இன்ஜினே போய்விடக்கூடும் என்ற கவலையால் எழுதுகிறேன்.

நான் தொழிற்பயிற்சி நிலையம் ஒன்றில் மோட்டார் வாகன மெக்கானிக் பிரிவில் 29 ஆண்டுகள் பயிற்றுநராக இருந்து ஓய்வு பெற்றவன். இப்போது திருநகரில் வீட்டை ஒட்டிய கொட்டகையில், பழைய மாணவர்கள் தங்களுக்குப் பிடிபடவில்லை என்று கொண்டுவரும் வண்டிகளைப் பார்த்துக் கொடுத்து வருகிறேன். அப்படி வரும் வண்டிகளில் பெரும்பாலானவற்றில் கழுத்தளவுக்குப் புதிய பொருள்கள் மாட்டப்பட்டிருக்கும். பழுது மட்டும் பழைய இடத்திலேயே இருக்கும்.

‘பி 0016’ என்ற குறியீட்டின் பொருள், பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் ஷாஃப்ட்டின் நிலையும் கேம் ஷாஃப்ட்டின் நிலையும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை என்பது மட்டுமே. கல்யாண வீட்டில் நாகசுரமும் தவிலும் ஒத்துப்போகவில்லை என்றால், பந்தலின் கடைசி வரிசையில் இருப்பவருக்கும் தாளம் பிசகியது தெரிந்துவிடும். பிசகியது நாகசுரக்காரரா தவில்காரரா என்பது மேடைக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்து கேட்டால்தான் தெரியும். இன்ஜினின் கணினி பந்தலின் கடைசி வரிசையில் இருப்பவரைப் போன்றது. அது பிசகு என்று சொன்னதைக் கேட்டு உடனே தவில்காரரை மாற்றுவதைப் போன்றதுதான், குறியீட்டைப் பார்த்தவுடன் சென்சாரை மாற்றுவது.

இந்தக் குறியீட்டு முறை எதற்காக வந்தது என்பதை நினைவில் வைத்தால் குழப்பம் பாதி குறையும். அமெரிக்காவில் 1996 முதல் எல்லாப் புதிய கார்களுக்கும் கட்டாயமான இந்த முறை, நம் நாட்டில் 2013 ஏப்ரல் முதல் பி.எஸ். 4 (பாரத் ஸ்டேஜ் 4) புகைக் கட்டுப்பாட்டு விதிக்கு உட்பட்ட கார்களில் முழு அளவில் நடைமுறைக்கு வந்தது. ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் 16 ஊசித் துளைகள் கொண்ட இணைப்பானில் ஸ்கேனரைச் செருகினால் குறியீடு தெரியும். முதலில் வரும் ‘பி’ என்ற எழுத்து இன்ஜினும் கியர் அமைப்பும் சேர்ந்த பகுதியைக் குறிக்கும்; அடுத்து வரும் பூஜ்யம், இது ஒரு நிறுவனத்தின் சொந்தக் குறியீடு அல்ல, எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவானது என்பதைக் குறிக்கும். புகையின் அளவு கூடும்படி இன்ஜினில் ஏதோ ஒன்று நெறி தவறினால் ஓட்டுநரை எச்சரிப்பதற்காக ஏற்பட்ட முறை இது. கடையில் எந்தப் பொருளை வாங்க வேண்டும் என்று சொல்வதற்காக ஏற்பட்டதன்று.

இன்ஜினுக்குள் நடப்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல அனுமதிக்க வேண்டும். நான்கு ஸ்ட்ரோக் இன்ஜினில் கிராங்க் ஷாஃப்ட் இரண்டு முறை சுற்றினால் கேம் ஷாஃப்ட் ஒரு முறை சுற்றும். இரண்டையும் டைமிங் செயின் இணைக்கிறது. சில இன்ஜின்களில் அந்த வேலையை ரப்பர் பெல்ட் செய்கிறது. கிராங்க் ஷாஃப்ட்டோடு சுற்றும் பல்சக்கரம் ஒன்று உண்டு. பல கார்களில் அது 60 பற்களுக்கான இடத்தில் 2 பற்கள் மட்டும் இல்லாமல் செய்யப்பட்டிருக்கும். ஒரு பல்லுக்கு 6 பாகை. பல் இல்லாத அந்த இடைவெளி சென்சாரைக் கடக்கும்போது, பிஸ்டன் எங்கே இருக்கிறது என்று கணினிக்குத் தெரிகிறது. கேம் ஷாஃப்ட்டின் சென்சார் தரும் துடிப்பு, அந்த இடைவெளியிலிருந்து எத்தனை பாகை தள்ளி வர வேண்டும் என்ற கணக்கு கணினியிடம் முன்பே இருக்கிறது. அந்தக் கணக்குக்கும் உண்மையில் வரும் துடிப்புக்கும் உள்ள வேறுபாடு எல்லையைத் தாண்டினால்தான் ‘பி 0016’ பதிவாகிறது.

இதோடு நின்றிருந்தால் வேலை எளிது. இன்றைய பெட்ரோல் இன்ஜின்கள் பலவற்றில், வண்டி நிற்கும்போது ஒரு விதமாகவும் ஏற்றத்தில் ஏறும்போது வேறு விதமாகவும் வால்வுகள் திறக்கும்படி, கேம் ஷாஃப்ட்டைச் சில பாகைகள் முன்னும் பின்னும் திருப்பும் அமைப்பு இருக்கிறது. கேம் ஷாஃப்ட்டின் நுனியில் ஃபேசர் என்ற பாகம் இருக்கும். அதற்குள் உள்ள அறைகளுக்கு இன்ஜின் ஆயிலை அழுத்தத்தோடு அனுப்புவது ஆயில் கண்ட்ரோல் வால்வு, பட்டறையில் ஓ.சி.வி. என்பார்கள். கணினி அந்த வால்வுக்கு மின்துடிப்புகளை அனுப்ப, வால்வு ஆயிலைத் திருப்பிவிட, ஆயில் கேம் ஷாஃப்ட்டைத் திருப்புகிறது. ஆகவே இந்த இன்ஜின்களில் ஆயில் என்பது தேய்மானத்தைக் குறைக்கும் பொருள் மட்டுமன்று. கேம் ஷாஃப்ட்டைத் திருப்பும் கையும் அதுவே. ஆயில் குறைந்தாலும், தார் போலக் கெட்டியானாலும், தவறான தரத்தில் ஊற்றப்பட்டாலும், ஓ.சி.வி.யின் வாயில் உள்ள நுண்வலை அடைத்தாலும், வால்வின் உள்தண்டு சிக்கினாலும், ஃபேசர் தன் இருப்பிடத்துக்குத் திரும்பாமல் நின்றாலும், செயின் நீண்டாலும், செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் தளர்ந்தாலும், முன்பு இன்ஜினைப் பிரித்தவர் செயினை ஒரு பல் தள்ளி மாட்டியிருந்தாலும், கிராங்கின் பல்சக்கரம் இடம் நழுவினாலும், ஒயரை எலி கடித்தாலும் வரக்கூடிய குறியீடு இது. சென்சாரும் அந்த வரிசையில் ஒன்றுதான், ஆனால் என் அனுபவத்தில் அது கடைசிப் பக்கத்தில் இருப்பது.

என் தங்கை மகன் உசிலம்பட்டியில் சொந்தக் காரை வாடகைக்கு ஓட்டிப் பிழைப்பவன். சென்ற ஆண்டு பழநிக்கு ஒரு சவாரி போய்த் திரும்பும் வழியில் இன்ஜின் விளக்கு எரிந்தது. சிக்னலில் நின்றால் இன்ஜின் உதறியது. சில நேரம் அணைந்தும் போனது. லிட்டருக்கு 17 கிலோமீட்டர் ஓடிய வண்டி 13-க்கு இறங்கியது. மதுரை நகருக்குள் இருக்கும் ஒரு பட்டறையில் ஸ்கேனரை மாட்டி ‘பி 0016’ என்று படித்து, 2,400 ரூபாய்க்குக் கேம் சென்சாரை மாற்றி, குறியீட்டை அழித்து அனுப்பினார்கள். நான்கு நாளில் விளக்கு திரும்ப வந்தது. கிராங்க் சென்சாராக இருக்கும் என்று 3,100 ரூபாய்க்கு அதையும் மாற்றினார்கள். ஒரு வாரம் தாங்கியது. மூன்றாம் முறை போனபோது, டைமிங் செயின் செட்டையே மாற்ற வேண்டும், கூலியோடு 32,000 ரூபாய் ஆகும் என்றார்கள். மனைவியின் நகையை அடகு வைக்கலாமா என்று என்னிடம் யோசனை கேட்க வந்தபோதுதான் அவன் எனக்கு விஷயத்தையே சொன்னான்.

முதலில் ஆயில் அளவைப் பார்க்கும் தண்டான டிப் ஸ்டிக்கை உருவினேன். ஆயில் கீழ்க் கோட்டுக்கும் கீழே இருந்தது. விரலில் தொட்டால் கருப்பு மசி போல ஒட்டியது. கடைசியாக ஆயில் மாற்றி 14,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. மாற்றிய இடம் நெடுஞ்சாலையோர ஆயில் கடை, ஊற்றியது 20டபிள்யூ-50 என்ற கெட்டியான ஆயில், வண்டியின் கையேடு கேட்பது 5டபிள்யூ-30 என்ற இளகிய ஆயில். இரண்டு சென்சார்களை மாற்றிய பட்டறையில் ஒருவர்கூட அந்தத் தண்டை உருவிப் பார்க்கவில்லை. இதைச் செய்ய அரை நிமிடமும் ஒரு துணியும் போதும்.

பிறகு ஸ்கேனரைச் செருகினேன். குறியீடு ஒன்றல்ல, இரண்டு இருந்தன: ‘பி 0011’, ‘பி 0016’. முன்னதன் பொருள், உள்ளிழுக்கும் வால்வுகளின் கேம் ஷாஃப்ட் கணினி கேட்டதைவிட முன்னே போய் நிற்கிறது என்பது. பட்டறையில் இரண்டாவதை மட்டும் படித்து முதலாவதை விட்டுவிட்டார்கள், அல்லது பார்த்தும் பொருட்படுத்தவில்லை. குறியீடு பதிவான நொடியில் வண்டி எந்த நிலையில் இருந்தது என்பதையும் கணினி சேமித்து வைக்கும். அதில் வேகம் பூஜ்யம், இன்ஜின் நிமிடத்துக்கு 740 சுற்று, தண்ணீர்ச் சூடு 91 பாகை செல்சியஸ் என்று இருந்தது. வண்டி சூடாகி, சும்மா நின்று ஓடும்போதுதான் பிசகு என்பது அதிலிருந்தே தெரிகிறது. அதாவது ஆயில் இளகி, அழுத்தம் குறைந்திருக்கும் நேரம்.

அடுத்து, இன்ஜினை ஓடவிட்டு, கணினி கேட்கும் கேம் பாகையையும் உண்மையில் இருக்கும் பாகையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். கேட்டது பூஜ்யம்; இருந்தது 14. சும்மா ஓடும்போது உள்ளிழுக்கும் வால்வு இவ்வளவு முன்னே திறந்தால், வெளியேற வேண்டிய எரிந்த வாயு திரும்ப உள்ளே கலந்துவிடும். சிக்னலில் உதறலும் அணைவதும் அதனால்தான். ஓ.சி.வி.யின் மின்இணைப்பைக் கழற்றினேன். மின்சாரம் இல்லாவிட்டால் ஃபேசர் தன் இருப்பிடத்துக்கு, அதாவது பூஜ்யத்துக்குத் திரும்ப வேண்டும். அது 14-லேயே நின்றது. எனவே பிசகு ஒயரிலோ கணினியிலோ இல்லை, வால்வோ ஃபேசரோ சிக்கியிருக்கிறது என்பது ஒரு ரூபாய் செலவில்லாமல் உறுதியாயிற்று. சென்சார் பொய் சொல்கிறதோ என்ற சந்தேகமும் அப்போதே பெரும்பாலும் தீர்ந்தது. ஏனெனில் கேம் ஷாஃப்ட் சரியான இடத்தில் நின்று சென்சார் மட்டும் பொய் சொன்னால், வால்வுகள் சரியான நேரத்தில்தான் திறக்கும்; சிக்னலில் இன்ஜின் இப்படி உதறாது.

ஒரே ஒரு 10 மில்லிமீட்டர் போல்ட்டைக் கழற்றினால் ஓ.சி.வி. கையோடு வந்துவிடும். அதன் நுண்வலையில் பழுப்பு நிறக் கசடு அப்பியிருந்தது. வால்வை இயக்கும் மின்சுருளின் மின்தடை 7.3 ஓம் காட்டியது. பல கார்களில் 7 ஓம் அளவுதான் இருக்கும், எனவே சுருள் நன்றாக இருந்தது. பேட்டரியிலிருந்து ஒரு வினாடி மட்டும் 12 வோல்ட் கொடுத்துப் பார்த்தபோது உள்தண்டு அசையவே இல்லை. (வினாடிக் கணக்கில் வைத்திருந்தால் சுருள் கருகிவிடும்; இளைஞர்கள் கவனிக்க வேண்டும்.) நன்றாகக் கழுவி, வலையைத் துடைத்து, தண்டு தடையில்லாமல் ஓடும்வரை சுத்தம் செய்து மாட்டினேன். புதிய ஃபில்டரும் கையேடு சொன்ன ஆயிலும் போட்டு ஓட்டினோம். சும்மா ஓடும்போது கேட்டது பூஜ்யம், இருந்தது 1. 2,500 சுற்றில் கேட்டது 22, இருந்தது 21. ஆயிரம் கிலோமீட்டரில் மிச்சக் கசடும் போகட்டும் என்று ஆயிலை மறுபடி மாற்றினோம்.

அத்தோடு விட எனக்கு மனம் வரவில்லை. பட்டறையில் கழற்றிய பழைய சென்சார்கள் இரண்டையும் அவன் கேட்டு வாங்கி டிக்கியில் போட்டு வைத்திருந்தான். புதியவற்றைக் கழற்றிவிட்டு அந்தப் பழையவற்றையே திரும்ப மாட்டினேன். 11 மாதமாக, 28,000 கிலோமீட்டர், அதே பழைய சென்சார்களோடு அந்த வண்டி ஓடிக்கொண்டிருக்கிறது. விளக்கு வரவில்லை.

கழுவினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. சில வண்டிகளில் ஓ.சி.வி.யையே மாற்ற வேண்டியிருக்கும், சிலவற்றில் ஃபேசரை. மேலூரிலிருந்து ஒரு வியாபாரியின் கார் வந்தது; அதிலும் ‘பி 0016’. ஆயில் சரியான தரம், சரியான அளவு, சுத்தமாகவும் இருந்தது. கேட்ட பாகையும் இருந்த பாகையும் ஒன்றாகவே நகர்ந்தன. ஆனால் காலையில் ஸ்டார்ட் செய்ததும் மூன்று வினாடி கடகடவென்ற சத்தம். நான்கு மாதமாக அப்படித்தான் இருக்கிறது, பிறகு தானே அடங்கிவிடுகிறது என்றார் அவர். அந்தச் சத்தத்துக்குக் காரணம் இருக்கிறது. செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரும் ஆயில் அழுத்தத்தால்தான் நீள்கிறது. இரவெல்லாம் நின்ற வண்டியில் ஆயில் கீழே வடிந்துவிடும். காலையில் அழுத்தம் ஏறும்வரை தளர்ந்த செயின், பக்கத்தில் அதற்கு வழிகாட்டும் கைடில் அடிக்கும். செயின் புதிதாக இருந்தால் அந்தத் தளர்ச்சி கேட்காது. தேய்ந்த செயினில் கேட்கும். செயின் நீள்வது என்றால் இரும்பு ரப்பரைப் போல இழுபடுவதில்லை. நூற்றுக்கும் மேற்பட்ட கண்ணிகளில் ஒவ்வொன்றின் ஊசியும் மயிரிழையளவு தேய, அவை கூடிச் செயின் நீள்கிறது. ஃபேசரின் பூட்டு ஊசி தேய்ந்தாலும் ஏறக்குறைய இதே சத்தம் வரும். இரண்டில் எதுவானாலும் சரி, சென்சார் சத்தம் போடாது.

அந்த மேலூர் வண்டியில் இரண்டு சென்சார்களின் துடிப்புகளையும், துடிப்பைப் படமாகக் காட்டும் கருவியான ஆசிலோஸ்கோப்பில் ஒன்றன்கீழ் ஒன்றாக எடுத்தேன். அதே மாடலில் நல்ல நிலையில் உள்ள இன்னொரு காரின் படத்தோடு ஒப்பிட்டபோது, கேம் துடிப்பு கிராங்க் கணக்கில் 9 பாகை பின்தங்கியிருந்தது. கிராங்க் ஷாஃப்ட்டின் செயின் சக்கரத்தில் 18 பற்கள் என்றால் ஒரு பல்லுக்கு 20 பாகை. ஆகவே செயின் பல் தாண்டவில்லை, நீண்டிருக்கிறது என்று பிரிப்பதற்கு முன்பே சொல்ல முடிந்தது. பிரித்தபோது டென்ஷனரின் தண்டு ஏறத்தாழ முழுவதுமாக வெளியே வந்திருந்தது. இனி நீள்வதற்கு அதனிடம் இடமில்லை. செயின், டென்ஷனர், கைடுகள் மூன்றையும் மாற்றினோம். இன்னும் சில வாரம் ஓட்டியிருந்தால் செயின் ஒன்றிரண்டு பல் தாண்டியிருக்கும். இரண்டு பல் தாண்டினால் 40 பாகை. பல இன்ஜின்களில் அந்த நிலையில் திறந்திருக்கும் வால்வின் தலையில் பிஸ்டன் வந்து மோதும். வால்வு வளைந்து, பிஸ்டன் உடைந்து, செலவு செயின் விலையைப் போலப் பல மடங்கு ஆகும். ஓடும் வண்டியில் அது நடந்தால் நடுரோட்டில் இன்ஜின் அணைந்து நின்றுவிடும் என்பதையும் சேர்த்து எண்ண வேண்டும்.

சென்சாரே பழுதாகும் வண்டிகளும் உண்டு. அவற்றில் பெரும்பாலும் ‘பி 0340’ வரும். அது கேம் சென்சாரின் மின்சுற்றைப் பற்றிய குறியீடு. கிராங்க் சென்சாருக்கு ‘பி 0335’. அப்போதும் முதலில் செய்ய வேண்டியது மல்டிமீட்டரால் இணைப்பானில் மின்சாரம் வருகிறதா, எர்த் இருக்கிறதா என்று பார்ப்பது. தோப்புகளிலும் வயல் ஓரங்களிலும் வண்டியை நிறுத்தும் நம் பக்கத்தில், சென்சார் நன்றாக இருந்து ஒயரை எலி கடித்த வண்டிகளையே நான் அதிகம் பார்த்திருக்கிறேன். ‘பி 0010’ வந்தால் ஓ.சி.வி.யின் மின்சுற்றைப் பார்க்க வேண்டும். ‘பி 0014’, ‘பி 0017’ ஆகியவை வெளியேற்றும் வால்வுகளின் கேம் ஷாஃப்ட்டைப் பற்றியவை. இவை ஒவ்வொன்றும் வெவ்வேறு புகார். எல்லாவற்றுக்கும் ஒரே சென்சார் மருந்தாகாது.

பட்டறைகளில் இன்னொரு வழக்கம் எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. வண்டி வந்தவுடன் குறியீட்டை அழித்துவிட்டு, திரும்ப வந்தால் கொண்டு வாருங்கள் என்று அனுப்புகிறார்கள். அழிக்கும்போது குறியீடு மட்டும் போவதில்லை. அது பதிவான நொடியின் வேகம், சூடு, சுற்று எல்லாம் சேர்ந்து அழிகின்றன. என் தங்கை மகனின் வண்டியில் பிசகு சூட்டில் வருகிறது என்று எனக்குக் காட்டிய அந்த ஒரே தடயத்தை, அந்தப் பட்டறை அதற்கு முன் இரண்டு முறை அழித்திருக்கிறது. அழிப்பதற்கு முன் அந்தத் திரையைக் கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளும்படி வண்டிக்காரர்கள் கேட்க வேண்டும். மாற்றிய பழைய பொருளையும் கேட்டு வாங்க வேண்டும்.

பில்லும் கேட்க வேண்டும். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், விற்ற பொருளுக்கும் செய்த வேலைக்கும் ரசீது தர மறுப்பதை முறையற்ற வணிக நடைமுறை என்று சொல்கிறது. பழுதைக் காட்டாமல் பொருளை மாற்றிப் பணம் வாங்கியவர்களை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தின் முன் நிறுத்த அந்த ரசீதுதான் முதல் சான்று. 1915 என்ற எண்ணிலும் புகாரைப் பதியலாம். வாடகைக்கு ஓட்டுகிறோமே, நமக்கு இது பொருந்துமா என்று என் தங்கை மகன் தயங்கினான். தன் பிழைப்புக்காகத் தானே உழைத்து ஓட்டுபவரையும் அந்தச் சட்டம் நுகர்வோராகவே கொள்கிறது. வழக்குப் போடத் தூண்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. எந்தச் சோதனை செய்தோம், எந்த அளவு வந்தது, அதனால் எதை மாற்றுகிறோம் என்று பில்லில் மூன்று வரி எழுதும் பழக்கம் வந்தால் வழக்குக்கே தேவை இருக்காது.

மெக்கானிக்குகளை மட்டும் குறை சொல்வதும் நியாயமாகாது. நான் பணியாற்றிய நிலையத்தில் ஸ்கேனர் வந்தது. ஆனால் ஆசிலோஸ்கோப்பைக் கையில் கொடுத்துப் பழக்க நேரமும் கருவியும் போதவில்லை. இரண்டு ஆண்டுப் பயிற்சியில் இன்ஜினைப் பிரித்துக் கோர்க்கும் கைத்திறன் நம் பிள்ளைகளுக்கு நன்றாகவே வருகிறது. பிரிக்காமலே உள்ளே நடப்பதை ஊகிக்கும் பயிற்சிதான் குறைகிறது. கப்பலூரிலும் கே.புதூரிலும் தொழிற்பேட்டைகள் இருக்கும் இந்த ஊரில், மாலை நேரத்தில் வேலை பார்க்கும் மெக்கானிக்குகளுக்கு இந்த ஒரு பாடத்தைச் சொல்லிக்கொடுக்க யாராவது இடம் தந்தால், கூலி எதுவும் வாங்காமல் நான் வந்து நடத்தத் தயாராக இருக்கிறேன்.

வண்டிக்காரர்களிடம் ஆயிலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மதுரை வெயிலுக்குக் கெட்டியான ஆயில்தான் தாங்கும் என்ற நம்பிக்கை நம்மிடையே வேரோடியிருக்கிறது. இன்ஜினுக்குள் தெர்மோஸ்டாட் என்ற பாகம் தண்ணீர்ச் சூட்டை ஏறக்குறைய 90 பாகையில் வைத்திருக்கிறது. சித்திரை மாத மதுரையிலும் மார்கழி மாதக் கொடைக்கானலிலும் அந்தச் சூடு பெரிதாக மாறுவதில்லை. 5டபிள்யூ-30 என்பதில் முதல் எண் குளிரில் ஆயில் ஓடும் தன்மையையும், இரண்டாம் எண் 100 பாகைச் சூட்டில் அதன் தடிமனையும் குறிக்கும். ஓ.சி.வி.யின் மெல்லிய வழிகளும் ஃபேசரின் அறைகளும் அந்தத் தடிமனுக்காகவே அளவெடுத்துச் செய்யப்பட்டவை. ஆகையால் கையேடு அனுமதிக்கும் தரங்களுக்கு வெளியே போகக் கூடாது. இன்னொன்று: கிலோமீட்டர் கணக்கை மட்டும் பார்த்து ஆயில் மாற்றுவது வாடகை வண்டிகளுக்குப் போதாது. சித்திரைத் திருவிழா நெரிசலில் ஏசியைப் போட்டுக்கொண்டு மணிக்கணக்கில் நிற்கும் வண்டியில் கிலோமீட்டர் ஏறாது, ஆனால் இன்ஜின் ஓடிக்கொண்டே இருக்கும், ஆயிலும் கெட்டுக்கொண்டே இருக்கும். அப்படிப்பட்ட வண்டிகள் கையேட்டில் கடினப் பயன்பாட்டுக்கு என்று கொடுத்திருக்கும் குறைந்த இடைவெளியில் மாற்றிவிட வேண்டும்.

இனி, வாடிப்பட்டி வாசகரின் கேள்விக்குத் திரும்புகிறேன். அவர் எழுதிய செய்திகளில் மிக முக்கியமானது அந்தக் காலைச் சத்தம். பதில் எழுதியவர் அதைத் தொடவே இல்லை. ஒரு லட்சம் கிலோமீட்டர், ‘பி 0016’, குளிர்ந்த இன்ஜினில் இரண்டு மூன்று வினாடிச் சத்தம் ஆகிய மூன்றும் சேர்ந்தால், மேலூர் வண்டியில் நான் பார்த்த நிலைதான் முதலில் நினைவுக்கு வர வேண்டும். வண்டியைப் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல மாட்டேன். செயினா ஃபேசரா என்பது சோதித்தால்தான் தெரியும். ஆனால் சோதிக்கும்வரை அந்த வண்டியை அதிகம் ஓட்டக் கூடாது, மலைப்பாதையில் ஏற்றவே கூடாது என்பதை உறுதியாகச் சொல்வேன். அவர் தம் கேள்வியின் முடிவில், அடுத்த மாதம் குடும்பத்தோடு கொடைக்கானல் போக இருப்பதாக எழுதியிருந்தார். அவருடைய முகவரி தங்கள் அலுவலகத்தில் இருக்கும். இக்கடிதத்தை வெளியிடுவது தங்கள் விருப்பம். ஆனால் அச்சாகும்வரை காத்திராமல் அவருக்கு இன்றே இதைத் தெரிவித்துவிடும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். வண்டியைத் திருநகருக்குக் கொண்டுவர முடிந்தால் நானே பார்த்துத் தருகிறேன். முடியாவிட்டால் வாடிப்பட்டிக்கு நான் வருகிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற மோட்டார் வாகன மெக்கானிக் பயிற்றுநர்,
திருநகர், மதுரை.